மருத்துவரம்மா பதில்கள்: குளோன்களும் அவர்களைச் சுமந்தவர்களும்

போன இதழில் ஒரு வாசகிக்குப் பதில் எழுதும்போது ‘ஆர்ஃபன் பிளாக்’ என்ற கனடா நாட்டுத் தொலைக்காட்சித் தொடரைப் பற்றி இரண்டு வரி சொல்லியிருந்தேன். 31 வருடம் மாடுகளுக்கு மருத்துவம் பார்த்தவள் எழுதும் இந்தப் பகுதிக்கு, ஒரு தொடரைப் பற்றி இத்தனை கடிதங்கள் வந்ததில் எனக்கு நிறைய மகிழ்ச்சி. அதனால் இந்த மாதம் முழுக்க அதுதான்.

தொடரைப் பார்க்காதவர்களுக்காகக் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ரயில் நிலையத்தில் சாரா என்ற பெண், அச்சு அசலாகத் தன்னைப் போலவே இருக்கும் இன்னொருத்தியைப் பார்க்கிறாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெண் செருப்பைக் கழற்றி, கைப்பையைக் கீழே வைத்துவிட்டு, வருகிற ரயிலின் முன்னால் பாய்ந்துவிடுகிறாள். கையில் காசில்லாத சாரா அந்தப் பையை எடுத்துக்கொண்டு, இறந்துபோன பெத்தாகவே நடிக்கத் தொடங்குகிறாள். பெத் ஒரு போலீஸ்காரி. அப்புறம்தான் தெரியவருகிறது, இதே முகத்தோடு இன்னும் பல பெண்கள் இருக்கிறார்கள், அத்தனை பேரும் குளோன்கள், அதாவது ஒரே மரபணுவிலிருந்து உருவாக்கிய நகல்கள் என்று. 2013 முதல் 2017 வரை 5 பாகங்கள், மொத்தம் 50 அத்தியாயங்கள். முடிவு முன்கூட்டியே தெரிந்துவிடக் கூடாது என்பவர்கள் பார்த்து முடித்துவிட்டு இந்தப் பக்கத்துக்கு வாருங்கள்.

கல்லூரி மாணவர், திருச்சி: அத்தனை பெண்களாகவும் நடித்தது உண்மையிலேயே ஒரே நடிகைதானா? எனக்கு நம்ப முடியவில்லை.

ஒரே ஆள்தான் தம்பி. தட்யானா மஸ்லானி. இதற்காக 2016-ல் எம்மி விருது வாங்கினார். இரண்டு குளோன்கள் பேசிக்கொள்ளும் காட்சி என்றால், எதிரே கேத்ரின் அலெக்ஸாண்டர் என்ற இன்னொரு நடிகை நின்று மற்றவளின் வசனத்தைப் பேசுவார். அந்தப் பக்கம் எடுத்து முடித்ததும் மஸ்லானி உடை, தலைமுடி எல்லாம் மாற்றிக்கொண்டு அடுத்தவளாக வந்து நிற்பார். இரண்டு முறையும் கேமரா ஒரே பாதையில், ஒரே வேகத்தில் நகர வேண்டும். அதற்குக் கணினி நகர்த்தும் ஒரு கருவி வைத்திருந்தார்கள், பெயர் டெக்னோ டாலி. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனித்தனிப் பாட்டுப் பட்டியல் வைத்துக்கொண்டு, அதைக் கேட்டுத்தான் அவளாக மாறுவாராம்.

எனக்குப் பிடித்தது அந்தத் தொழில்நுட்பம்கூட இல்லை. ஒருத்தி இன்னொருத்தியாக நடிக்கும் இடங்கள்தான். சாரா, அலிசன் என்ற இன்னொரு குளோனாக வேஷம் போட்டு வரும்போது, அந்த ஒழுங்கான புறநகர்க் குடும்பத்தலைவியின் உடைக்குள் தெருவில் வளர்ந்த சாராவின் தோள் தெரிகிறது, நடை தெரிகிறது. நான் வேலை பார்த்த ஊரில் ஒரு பால்காரர் இருந்தார். விடியாத இருட்டில், கட்டுத்தறிக்கு வரும் மாட்டின் குளம்புச் சத்தத்தை வைத்தே எந்த மாடு என்று சொல்லிவிடுவார். எல்லாம் கறுப்பு வெள்ளைக் கலப்பின மாடுகள், எங்கள் கண்ணுக்கு எல்லாம் ஒன்றுதான். தினம் பார்த்துப் பழகியவருக்கு ஒன்றைப் போல இன்னொன்று கிடையாது. மஸ்லானியின் நடிப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம்தான் வருகிறது.

ஆசிரியை, சேலம்: இந்தப் பெண்கள் 1984-ல் பிறந்ததாகக் கதை. ஆனால் குளோன் செய்த டாலி ஆடு பிறந்ததே 1996-ல்தானே? இது பெரிய ஓட்டை இல்லையா?

கதைக்குள் இது ரகசிய ஆராய்ச்சி, அதனால் முந்திக்கொண்டது என்று வைத்திருக்கிறார்கள். ஆனாலும் 1984 என்பது வெறுமனே வாய்க்கு வந்த வருடம் இல்லை. ஜான் கர்டன் 1962-லேயே தவளையில் செய்து காட்டிவிட்டார். குடல் செல்லின் உட்கருவை, அதாவது மரபணுக்கள் இருக்கும் மையத்தை எடுத்து, உட்கரு நீக்கிய முட்டைக்குள் வைத்து, தலைப்பிரட்டை வரை வளர்த்தார். 2012-ல் நோபல் பரிசு பெற்றதும் அந்த வேலைக்காகத்தான். ஆடுகளில் ஸ்டீன் வில்லாட்சன் என்ற ஆராய்ச்சியாளர் கேம்பிரிட்ஜில் 1984 வாக்கில் செய்தார். அவருடைய ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது 1986-ல். ஆனால் அவர் உட்கருவை எடுத்தது கருவின் செல்லிலிருந்து, வளர்ந்த ஆட்டிலிருந்து இல்லை.

டாலியின் பெருமை அங்கேதான் இருக்கிறது. ஸ்காட்லாந்தில் ரோஸ்லின் நிலையத்தில் இயன் வில்மட்டும் கீத் கேம்பெலும் 6 வயது ஆடு ஒன்றின் மடிச் செல்லை எடுத்தார்கள். மடியாக மட்டுமே இருக்கத் தெரிந்த ஒரு செல், மறுபடியும் முழு ஆடாக முடியும் என்று அது காட்டியது. அந்தச் செல்லைக் கொடுத்த ஆடு, டாலி பிறப்பதற்கு முன்பே இறந்துபோயிருந்தது. செல்களை உறைய வைத்திருந்தார்கள்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு இதுதான் முக்கியம். அப்படி உருவாக்கிய முட்டைகள் 277. அவற்றில் கருவாக வளர்ந்தவை 29. அவற்றை 13 பெட்டை ஆடுகளின் கருப்பைகளில் வைத்தார்கள். 1996 ஜூலை 5 அன்று பிறந்தது ஒன்றே ஒன்று. சுமந்த ஆடு கறுப்பு முகம் கொண்ட இனம், குட்டியோ வெள்ளை முகத்தோடு வந்தது. அது அந்தத் தாயின் குட்டி இல்லை என்பதற்குப் பார்த்த உடனே கிடைத்த சாட்சி அந்த வெள்ளை முகம். டாலியின் பெயர் உலகத்துக்கே தெரியும். அந்தக் கறுப்பு முகத்து ஆட்டின் பெயரை யாராவது கேட்டிருக்கிறோமா?

வாசகர், நாமக்கல்: கென்டல் என்ற ஒரே பாட்டியிடமிருந்து பெண் குளோன்களும் வந்தார்கள், ஆண் குளோன்களும் வந்தார்கள் என்று மூன்றாவது பாகத்தில் சொல்கிறார்கள். இதெல்லாம் காதில் பூ சுற்றுவதுதானே?

இல்லை ஐயா. உங்கள் ஊர்க்காரர் ஒருவர் இதைக் கேட்டதில் எனக்குச் சந்தோஷம், ஏனென்றால் இதற்கான விடை மாட்டுத் தொழுவத்தில் இருக்கிறது.

கென்டல் தாயின் வயிற்றில் இருந்தபோது கூடவே ஓர் ஆண் கருவும் இருந்தது, அது இவளுடைய உடலோடு கலந்துவிட்டது, அதனால் அவள் ஒருத்தியின் உடம்பிலேயே இரண்டு வகைச் செல்கள் என்பது கதை. இப்படி இரண்டு கருக்களின் செல்களைக் கொண்ட உயிருக்குக் கைமேரா என்று பெயர். மனிதர்களில் அபூர்வம், ஆனாலும் உண்டு.

மாட்டில் இது சாதாரணம். ஒரு பசு இரட்டைக் கன்று போட்டு, ஒன்று காளை, ஒன்று கிடாரி என்றால், அந்தக் கிடாரியை வளர்க்க வேண்டாம் என்று அனுபவப்பட்டவர்கள் சொல்வார்கள். பத்தில் ஒன்பதுக்கு மேல் சினை பிடிக்காது. வயிற்றுக்குள் இரண்டு கன்றுகளின் நஞ்சுக்கொடி ரத்தக் குழாய்களும் ஒன்றோடொன்று சேர்ந்துவிடுவதுதான் காரணம். காளைக்கன்றின் ரத்தம் கிடாரிக்குள் போய், அதன் கருப்பை சரியாக வளராமல் போகிறது. 1945-ல் ரே ஓவன் என்ற அமெரிக்க விஞ்ஞானி, இப்படிப் பிறந்த இரட்டைக் கன்றுகளின் ரத்தத்தைச் சோதித்தபோது, ஒவ்வொன்றிலும் மற்றதன் ரத்த அணுக்களும் இருப்பதைக் கண்டார். வெறும் மிச்சம் இல்லை, வாழ்நாள் முழுக்க ஊறிக்கொண்டே இருந்தன. ஒருவரின் உடம்பு அடுத்தவரின் செல்லை ஏன் சில சமயம் ஏற்றுக்கொள்கிறது என்ற கேள்வி அங்கே பிறந்து, பிறகு உறுப்பு மாற்று சிகிச்சை வரைக்கும் வழி காட்டியது.

நான் எத்தனையோ வீடுகளில் அந்தக் கிடாரிக் கன்றைக் கையால் சோதித்துவிட்டு, ‘இது நிற்காதுங்க’ என்று சொல்லியிருக்கிறேன். சொல்லும்போது வீட்டுக்காரம்மா முகம் சுருங்கும். கென்டல் பாட்டி தன்னுடைய நோயோடும் கோபத்தோடும் திரையில் வந்து நின்றபோது எனக்கு அந்தக் கன்றுகள்தான் கண்ணில் வந்தன.

வாசகி, கோவை: என் நாய் போன வருடம் இறந்துவிட்டது. 13 வருடம் எங்களோடு இருந்தாள். வெளிநாட்டில் குளோன் செய்து தருகிறார்களாமே, அவளே திரும்பி வருவாளா? தொடரைப் பார்த்ததிலிருந்து இதே யோசனையாக இருக்கிறது.

உங்கள் கடிதத்தை நான் மூன்று முறை படித்தேன் அம்மா. 13 வருடம் என்பது சின்ன விஷயம் இல்லை.

உண்மையைச் சொல்கிறேன். வருவது அவள் இல்லை. 2001 டிசம்பரில் அமெரிக்காவில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் முதன்முதலாக ஒரு பூனையைக் குளோன் செய்தார்கள். மூலப் பூனை ரெயின்போ, வெள்ளையும் கறுப்பும் ஆரஞ்சும் கலந்த மூவர்ணப் பூனை. பிறந்த குட்டிக்கு ஆரஞ்சே இல்லை! பெண் பூனையின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று அணைந்துவிடும். எந்தச் செல்லில் எது அணையும் என்பது கருவிலேயே தற்செயலாக அமைவது. எடுத்த செல்லில் ஆரஞ்சு நிறத்துக்கான குரோமோசோம் ஏற்கெனவே அணைந்திருந்தது. ஒரே மரபணு, ஆனால் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உறவுக்காரப் பூனை என்றுகூடச் சொல்ல மாட்டீர்கள். குளோன் செய்த கறுப்பு வெள்ளை மாடுகளிலும் திட்டுகள் வேறு வேறு இடத்தில்தான் விழுகின்றன.

குணம் இன்னும் தூரம். அவள் உங்கள் வீட்டுக்கு வந்த முதல் ராத்திரி, அவள் பயந்த இடி, நீங்கள் கடையிலிருந்து வரும் நேரம் அவளுக்குத் தெரிந்திருந்தது, இதெல்லாம் மரபணுவில் எழுதப்படுவதில்லை.

இன்னொன்றும் உங்களுக்குச் சொல்ல வேண்டும், நாய் வளர்த்தவர் என்பதால். உலகின் முதல் குளோன் நாய் ஸ்னப்பி, 2005-ல் தென்கொரியாவின் சோல் தேசியப் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. அதற்காக 1,095 கருக்களை 123 பெட்டை நாய்களுக்குள் வைத்தார்கள். மூன்று சினையானது, பிறந்து பிழைத்து வளர்ந்தது ஒன்று. இன்று கணக்கு நன்றாக முன்னேறியிருக்கிறது, ஆனாலும் முட்டை கொடுக்கவும் சுமக்கவும் வேறு நாய்கள் வேண்டும். உங்கள் செல்லத்துக்காக அறுவை மேஜையில் படுக்கும் அந்த நாய்களையும் நினைத்துப் பாருங்கள். உங்கள் ஊரில் தெருவில் கிடக்கும் ஒரு குட்டியை, மனது ஆறிய பிறகு, எடுத்து வளர்ப்பீர்கள் என்று நம்புகிறேன். அவசரம் வேண்டாம்.

வாசகி, பொள்ளாச்சி: அலிசன் சாராவாக வேஷம் போட்டு வரும்போது, சாராவின் மகள் கீரா ‘இது அம்மா இல்லை’ என்று கண்டுபிடித்துவிடுகிறாளே. மரபணு ஒன்று, முகம் ஒன்று, குரலும் ஒன்று. குழந்தைக்கு எப்படித் தெரிந்தது?

தொடரில் எனக்கு மிக நெருக்கமான காட்சி இது. முதல் பாகத்தின் நான்காவது அத்தியாயம். பெரியவர்களை ஏமாற்ற முடிகிறது, குழந்தையை முடியவில்லை.

ஆடு குட்டி போட்ட சில மணி நேரத்துக்குள் நக்கி நக்கியே அதன் வாசனையைப் படித்துவிடும். அதற்கப்புறம் வேறு குட்டி மடிக்கு வந்தால் முட்டித் தள்ளும். பசுவும் அப்படித்தான். நம் ஊரில் கன்று செத்துப்போனால் அதன் தோலை உரித்து, உள்ளே வைக்கோல் அடைத்து, பசுவின் முன்னால் நிறுத்திப் பால் கறப்பார்கள். தோல்கன்று, வைக்கோல் கன்று என்போம். பசு அதை நக்கும், பால் சுரக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வீட்டில் முதன்முறையாக அதைப் பார்த்தேன். அந்தப் பசு நக்கிக்கொண்டே இருந்தது, நடுவில் நிறுத்தி அந்தத் தோலை முகர்ந்தது, மறுபடி நக்கியது. பத்து நாள் கழித்துப் போனபோது அதன் பக்கமே திரும்பவில்லை, பாலும் மறுத்துவிட்டது. வாசனை இருந்தது, தோல் அசல், ஆனால் அது எழுந்து ஓடவில்லை, முட்டிக் குடிக்கவில்லை, கத்தவில்லை.

கீராவுக்குக் கிடைக்காததும் அதுதான் என்று நினைக்கிறேன். அம்மா என்பவள் கட்டிப்பிடிக்கும் விதம், முடியை ஒதுக்கிவிடும் விதம். அலிசன் தன் பிள்ளைகளைப் பாசமாக வளர்த்தவள்தான், ஆனால் அது வேறு வீட்டுப் பாசம். கை வைக்கும் இடமே மாறும். அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும் இரட்டையருக்கே கைரேகை ஒன்றாக இருப்பதில்லையே. கருப்பைக்குள் அவரவர் கிடந்த விதத்தில்கூட ரேகை வேறாகிவிடுகிறது.

வழக்கறிஞர், மதுரை: குளோன்களின் டி.என்.ஏ.வுக்குள்ளேயே காப்புரிமை எழுதப்பட்டிருக்கிறது என்ற திருப்பம் சட்டப்படி நிற்குமா?

சட்டம் நீங்கள் அறிந்தது, நான் அறிந்த மட்டும் சொல்கிறேன். முதல் பாகத்தின் கடைசி அத்தியாயம் 2013 ஜூன் 1 அன்று ஒளிபரப்பானது. விஞ்ஞானியான கொசீமா தன் மரபணுவில் இருந்த செயற்கைக் குறியீட்டைப் படித்துவிட்டு, இந்த உடலும் இதிலிருந்து வருவதும் இன்னாரின் சொத்து என்று எழுதியிருப்பதைக் கண்டுபிடிக்கிறாள். ‘இதிலிருந்து வருவதும்’ என்றால் குழந்தை கீராவும். சரியாக 12 நாள் கழித்து, ஜூன் 13 அன்று, அமெரிக்க உச்ச நீதிமன்றம் மிரியட் என்ற நிறுவனத்தின் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. மார்பகப் புற்றுநோயோடு தொடர்புள்ள இரண்டு மரபணுக்களுக்கு அந்த நிறுவனம் காப்புரிமை வைத்திருந்தது. இயற்கையில் இருக்கும் டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்ததற்காக மட்டும் காப்புரிமை தர முடியாது என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். ஆய்வகத்தில் உண்டாக்கிய டி.என்.ஏ.வுக்கு மட்டும் கதவைத் திறந்தே வைத்தார்கள். கதையில் வரும் குறியீடு செயற்கை என்பதால், கதாசிரியர்கள் அந்தக் கதவு வழியாகத்தான் நுழைந்திருக்கிறார்கள். ஆனால் 2011-லேயே அமெரிக்கா, மனித உயிருக்குக் காப்புரிமை கூடாது என்று சட்டமே இயற்றிவிட்டது. டாலிக்கே காப்புரிமை மறுக்கப்பட்டது, 2014-ல்.

எங்கள் பக்கம் வாரத்துக்கு மாடு விடுவார்கள். மாடு ஒருவருடையது, வளர்ப்பது இன்னொருவர், பிறக்கும் கன்றில் வளர்த்தவருக்கும் பங்கு. எழுத்தில்லாத அந்த ஒப்பந்தத்தில்கூட, தீனி போட்டுத் தண்ணீர் காட்டியவர்களை வெறுங்கையோடு அனுப்புவதில்லை. தொடரில் குளோன்களைத் தன் சொத்து என்ற நிறுவனம், சாராவை வளர்த்த மிசஸ் எஸ்ஸுக்கு அந்த நியாயத்தைக்கூடத் தரவில்லை என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மாணவி, தஞ்சாவூர்: கதையில் குளோன்களுக்கு நுரையீரலில் நோய் வருகிறது. டாலியும் நுரையீரல் நோயில்தானே இறந்தது? குளோன் என்றாலே அற்ப ஆயுளா?

டாலியை 2003 பிப்ரவரி 14 அன்று கருணைக்கொலை செய்தார்கள், வயது ஆறரை. நுரையீரலில் கட்டி. ஆனால் அது ஆடுகளுக்கு வைரஸால் வரும் நோய், குளோனாக இருந்ததால் வந்ததில்லை. அதே செல்களிலிருந்து பிறகு பிறந்த நான்கு ஆடுகளை நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தில் வளர்த்தார்கள். டெபி, டெனிஸ், டயானா, டெய்சி. 7 முதல் 9 வயதில் சோதித்தபோது வயதுக்குத் தக்க ஆரோக்கியத்தோடு இருந்தன, 2016-ல் அதை வெளியிட்டார்கள். ஆபத்து அதிகம் பிறப்பதற்கு முன்னும் பிறக்கும்போதும்தான். கன்று அளவுக்கு மீறிப் பெருத்துவிடும், நஞ்சுக்கொடி சரியாக அமையாது, தாயும் சேர்ந்து அவதிப்படும். நம் நாட்டில் ஹரியானாவின் கர்னாலில் 2009-ல் பிறந்த முதல் குளோன் எருமைக்கன்று சில நாட்களிலேயே இறந்தது. அடுத்து வந்த கரிமா இரண்டு வருடம் இருந்தது. 2010-ல் பிறந்த கரிமா-2 வளர்ந்து, 2013-ல் மகிமா என்ற கன்றையும் ஈன்றது.

வாசகர், வேலூர்: மனிதரை யாராவது குளோன் செய்துவிட்டார்களா?

நிரூபிக்கப்பட்டது ஒன்றுகூட இல்லை. குரங்கு வரை வந்திருக்கிறார்கள், ஷாங்காயில். 21 வாடகைத் தாய்க் குரங்குகள், பிறந்து நிலைத்தவை இரண்டு, அறிவித்தது 2018 ஜனவரியில். இந்தக் கணக்கில் பெண்களை நிறுத்திப் பார்த்தால் எனக்கு உடம்பு நடுங்குகிறது. நம் நாட்டில் மனிதக் குளோனிங்குக்கு அனுமதி இல்லை.

குடும்பத்தலைவி, ஈரோடு: தொடரில் உங்கள் மனதில் நின்ற பாத்திரம் யார்? கொசீமா என்று பந்தயம் கட்டியிருக்கிறோம், விஞ்ஞானி என்பதால்.

கொசீமாவை ரொம்பப் பிடிக்கும், ஆனால் என் பதில் அமீலியா. பலருக்கு ஞாபகம்கூட இருக்காது, முதல் பாகத்தின் கடைசியில் கொஞ்ச நேரமே வருவாள். சாராவையும் அவளோடு இரட்டையாகப் பிறந்த ஹெலனாவையும் வயிற்றில் சுமந்த வாடகைத் தாய். குழந்தை வேண்டும் என்ற ஒரு தம்பதிக்காகச் சுமப்பதாக நினைத்தவள், விஷயம் வேறு என்று தெரிந்ததும் வயிற்றோடு தப்பி ஓடிவிடுகிறாள். பிறந்த இரண்டு பேரையும் பிரித்து, ஒருத்தியை அரசுக் காப்பகத்திலும் மற்றவளை தேவாலயத்திலும் விட்டு ஒளித்து வைக்கிறாள். ரத்தம் இவளுடையது இல்லை.

பல வருடம் முன்பு ஒரு பண்ணையில் கரு மாற்று முறையில் பிறந்த கன்று ஒன்றை நான் வெளியே எடுத்தேன். சுமந்தது ஒரு நாட்டுப் பசு, செம்மண் நிறம். வந்தது கறுப்பு வெள்ளைக் கன்று. ராத்திரி இரண்டு மணி, அரிக்கேன் விளக்கு, கை முழுக்கப் பனிக்குட நீர். பக்கத்தில் நின்ற உதவியாளர் பசு கன்றைச் சேர்க்காமல் விட்டுவிடுமோ என்று பயந்தார். பசு திரும்பிப் பார்த்தது, எழுந்தது, காதிலிருந்து நக்க ஆரம்பித்தது. வால் வரைக்கும் விடவில்லை.

கடைசி அத்தியாயத்தில் ஹெலனாவுக்குப் பிரசவம் ஆகிறது, இரட்டை ஆண் குழந்தைகள். சாராதான் பக்கத்தில் இருந்து பார்க்கிறாள். நடுநடுவே, பல வருடம் முன்பு கீராவைப் பெற்றெடுத்த சாராவின் பக்கத்தில் மிசஸ் எஸ் நின்று தைரியம் சொன்னதைக் காட்டுகிறார்கள். மிசஸ் எஸ் அதற்குள் இறந்துவிட்டாள். அன்று தான் கேட்டதையே சாரா இப்போது ஹெலனாவுக்குச் சொல்கிறாள். அந்த இடத்தில் நிறுத்திவிட்டு, நான் அமீலியா வரும் அத்தியாயத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன்.